காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு எந்த போன் சரி? ‘புளூடூத் இருக்கு’ என்பது மட்டும் போதாது!

தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சையும் அதில் உண்டு. அன்று ஐந்து வயதில் ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தைக்கு இன்று ஓட்டுப் போடும் வயது. வேலைக்கான முதல் அழைப்பு, பேங்க் வெரிஃபிகேஷன், வாசலில் நிற்கும் டெலிவரி ஊழியர் என எல்லாம் போன் காலில்தான் வருகிறது. நேரில் நன்றாகப் பேசும் பலர் அந்தக் காலில்தான் திணறுகிறார்கள்.

போனில் மட்டும் ஏன் சிக்கல்?

நேரில் பேசும்போது உதட்டசைவும் முகமும் பாதி வேலையைச் செய்துவிடும். போனில் அது கிடையாது. போதாக்குறைக்கு, பழைய வகை போன் கால் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் முக்கியமான பகுதி அதற்கு மேலே இருக்கிறது. உள்காதின் ஆயிரக்கணக்கான மயிர்செல்கள் செய்யும் வேலையை 12 முதல் 22 எலெக்ட்ரோடுகளை வைத்துச் சமாளிப்பவருக்கு இது பெரிய இழப்பு. எச்டி வாய்ஸ் கால் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். அதனால் சாதாரண காலில் புரியாதது வோல்ட்டி காலிலோ வாட்ஸ்அப் காலிலோ புரியலாம். செலவே இல்லாத முதல் வழி இதுதான்.

(போனுக்கு 1876-ல் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல், காது கேளாதோருக்குக் கற்பித்த ஆசிரியர். அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்குமே காது கேட்காது!)

இயர்பட்ஸ் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். நல்ல மனசோடு பலர் வாங்கித் தரும் வீண் பரிசு இது. இம்ப்ளான்ட் வைத்தவருக்கு ஒலி காதுத் துளை வழியாகப் போவதில்லை. காதுக்கு மேலோ தலையிலோ இருக்கும் புராசசரின் மைக்தான் அதை வாங்கி, உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்புகிறது. யாராவது போனைக் காதுக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்துப் பேசினால், மைக் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மைக்கையே தாண்டி, போன் ஒலியை நேராகப் புராசசருக்கு அனுப்புவதுதான் வயர்லெஸ் ஸ்ட்ரீமிங். சுற்றுப்புற இரைச்சல் வெகுவாகக் குறையும். ஆனால் இங்கேதான் குழப்பமும். ‘புளூடூத் இருக்குல்ல, கனெக்ட் பண்ணிட்டா போச்சு’ என்று கடைக்காரர் சொல்வார். எல்லா புராசசரும் எல்லா போனோடும் பேசாது.

காக்ளியர் நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த நியூக்ளியஸ் 7, ஐபோனோடு நேரடியாக இணைந்த முதல் காக்ளியர் இம்ப்ளான்ட் புராசசர். ஆண்ட்ராய்டுக்கு ‘ஆஷா’ என்ற தொழில்நுட்பம் ஆண்ட்ராய்டு 10-ல் வந்தது. ஆனால் அதைத் தன் போனில் சேர்ப்பதா வேண்டாமா என்பது போன் கம்பெனியின் விருப்பம். நம் ஊரில் பெரும்பாலானோர் கையில் ஆண்ட்ராய்டு. அதுவும் பட்ஜெட் போன். கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று பெட்டியில் பெரிதாகப் போடுகிறவர்கள், இதையும் ஒரு வரி போட்டால் என்ன?

அட்வான்ஸ்டு பயோனிக்ஸின் நைடா சிஐ மார்வெல் வேறு ரகம். வழக்கமான புளூடூத்திலேயே இயங்குவதால் எந்த போனோடும் சேரும். நேரடி வசதி இல்லாத புராசசர் என்றால் நடுவில் ஒரு குட்டிக் கருவி வேண்டும். காக்ளியருக்கு போன் கிளிப், மெட்-எல்லுக்கு ஆடியோலிங்க்.

ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்றால் முழுசா ஃப்ரீயா?

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. நேரடி ஸ்ட்ரீமிங் பலவற்றில் ஒருவழிப் பாதை. எதிராளியின் குரல் புராசசருக்கு வரும். உங்கள் குரலையோ போனின் மைக்தான் எடுக்கும். போனைப் பையில் போட்டுவிட்டுப் பேசினால் எதிராளிக்கு ஒன்றும் கேட்காது. சட்டையில் மாட்டும் போன் கிளிப்பில் தனி மைக் உண்டு. மார்வெலில் புராசசரின் மைக்கே குரலை எடுத்துக்கொள்ளும். இவற்றில்தான் கை உண்மையிலேயே ஃப்ரீ. இன்னொன்று, ஸ்ட்ரீமிங் செய்தால் புராசசரின் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

மறந்துபோன டெலிகாயில்

பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் பிராண்ட் பார்க்காது. கழுத்தில் போடும் நெக்லூப் ஒலியைக் காந்த அலையாக மாற்றும். புராசசருக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஹெட்போன் ஜாக் உள்ள சாதாரண போனே போதும். டெலிகாயில் எல்லா மாடலிலும் இருக்காது. இருந்தாலும் ஆடியாலஜிஸ்ட் அதை ஆன் செய்து தர வேண்டியிருக்கலாம். அடுத்த மேப்பிங்குக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள். சில மின்கருவிகளுக்கு அருகே ‘கொர்’ரென்று இரையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வருவது எல்இ ஆடியோ. 2020-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பொதுத் தரநிலை பரவினால், எந்த போன் எதற்குப் பொருந்தும் என்ற தலைவலி குறையும். அதற்கும் போன், புராசசர் இரண்டிலுமே அந்த வசதி இருக்க வேண்டும்.

லட்சக்கணக்கில் செலவாகும் ஆபரேஷனை அரசு ஏற்கிறது, பாராட்ட வேண்டியதுதான். அதே பிள்ளை வளர்ந்து வேலை தேடும்போது, போன் பேச உதவும் கருவியை ஆடம்பர ஆக்சசரி என்று ஒதுக்குவதில் நியாயமில்லை. காப்பீட்டிலோ மாற்றுத்திறனாளிகள் நலத் திட்டத்திலோ அதற்கும் இடம் வேண்டும்.

ஹெச்ஆரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முதல் சுற்று இன்டர்வியூவை போனில்தான் நடத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கேப்ஷன் ஆன் செய்த வீடியோ கால், அதற்கான லிங்க், முன்கூட்டியே ஒரு மெசேஜ். இதற்குச் செலவு எதுவும் ஆகாது.