வரம்பு யாருக்கு?

நமது சிறுகதைகளில் ஓர் உம்மா இருக்கிறாள். சுபஹுக்கு முன் எழும்புவாள். எல்லோரும் தின்று முடிந்த பிறகு சட்டியில் ஒட்டியதைத் தின்பாள். மாமியின் ஏச்சுக்கும் கணவனின் கோபத்துக்கும் மறுசொல் சொல்லமாட்டாள். கடைசிப் பக்கத்தில் மௌத்தாகிவிடுவாள். மகன் அழுவான், வாசகரும் அழுவார். பல பெயர்களில் இந்தக் கதையை எழுதி வருகிறோம், பாராட்டியும் வருகிறோம். அந்த உம்மா ஒரு தடவையாவது 'இன்றைக்கு எனக்கு ஏலாது' என்று சொல்லியிருந்தால் கதை என்னவாகியிருக்கும் என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு.

இதை வெறும் இலக்கியக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கதைகளை நமது பெண்பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். 'ஏலாது' என்ற சொல்லை அறியாதவளே நல்ல பெண் என்ற பாடத்தை அவர்கள் நம்மிடமிருந்தே படிக்கிறார்கள்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது வரம்பு என்ற சொல் நம்மிடம் ஒரே அர்த்தத்தில்தான் வருகிறது: அவள் மீறக்கூடாத கோடு. வயல் செய்கிற ஊர்களில் வாழும் நமக்கு வரம்பின் மற்ற அர்த்தமும் தெரியும். தண்ணீர் நிற்பதற்காகத்தான் வரம்பு கட்டுகிறோம். வக்கடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை வயலுக்குரியவன் தீர்மானிப்பான். அடுத்த வயற்காரன் கேளாமல் வெட்டிவிட்டால் மண்வெட்டியோடு சண்டைக்குப் போவோம். ஆனால் ஒரு பெண்ணின் நேரத்தையும் நித்திரையையும் கைக்காசையும் மட்டும் யாரும் எந்நேரமும் வெட்டித் திறக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

கிழக்கிலங்கையில் இது இன்னும் விசித்திரமானது. இங்கு பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். உறுதியில் பெரும்பாலும் அவள் பெயர் இருக்கும். இருந்தும், தன் வீட்டில் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் படுக்க அவளால் முடிவதில்லை. படித்து உத்தியோகம் பார்ப்பவளும் தப்பவில்லை. ஓர் ஆசிரியையின் நாளைப் பாருங்கள். பாடசாலை விட்டு வந்தால் பகல் சோறு, பிள்ளைகளின் ரியூஷன், திருத்தவேண்டிய கொப்பிகள், பின்னேரம் சொல்லாமல் வந்திறங்கும் விருந்தாளிகள், இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப் குழுவில் கேட்கப்படும் விபரங்கள். நோன்பு மாதத்தில் ஸஹர் சமைக்க அவள் எழும்பும் நேரத்தை வீட்டில் யாரும் கணக்கெடுப்பதில்லை.

பிறகு தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை, பிள்ளைகள் மீது காரணமற்ற கோபம். டிஸ்பென்சரியில் பனடோல் கொடுப்பார்கள். வீட்டில் கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வும் மறுப்பும் அனுமதிக்கப்படாத உடம்பு ஒருநாள் நோயின் மூலமாகத்தான் 'ஏலாது' என்று சொல்லும் என்பதையே சொல்கிறேன்.

இப்படிப் பேசினால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, இது என்.ஜீ.ஓ. சரக்கு, மேற்கிலிருந்து வந்தது என்பது. அப்படிச் சொல்பவர்கள் ஸூரத்துந் நூரை மறுபடி ஓதிப் பார்க்கட்டும். சுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் என்ற மூன்று வேளைகளிலும் வீட்டுச் சிறுபிள்ளைகள்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று அதன் 58 ஆவது வசனம் விதிக்கிறது. புகாரியில் வரும் பரீராவின் சம்பவத்தையும் நினைவுகூரட்டும். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான அந்தப் பெண் தன் கணவர் முகீஸோடு வாழ விரும்பவில்லை. அவர் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டு பின்னால் திரிந்தார். அவரோடு திரும்பிச் சேரலாமே என்று நபியவர்கள் அவளிடம் சொன்னபோது, இது கட்டளையா என்று அவள் கேட்டாள். பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றாள். அதோடு விடயம் முடிந்தது. நபியின் பரிந்துரையையே மறுக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்த மார்க்கத்தில், மச்சியின் பிள்ளைகளை இன்றைக்குப் பார்த்துக்கொள்ள ஏலாது என்று சொல்ல நமது பெண்ணுக்கு இடமில்லையா?

கன்னிப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம் என்பது திருமணச் சம்மதம் பற்றிய ஒரு விடயம். நாம் அதை அவளது ஆயுள் முழுக்க நீட்டிவிட்டோம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக்கூடக் கேட்கவில்லை. முதல் நாளிலேயே கேட்கப்படாதவளிடம் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

இரண்டாவது பதில், குடும்பம் உடைந்துவிடும் என்பது. வரம்பு என்பது உறவை வெட்டுவதல்ல. வருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்பது வரம்பு. இஷாவுக்குப் பின் வேலை விடயம் பேசமாட்டேன் என்பதும், என் சம்பளத்தில் இவ்வளவு என் பொறுப்பில் இருக்கும் என்பதும் வரம்புதான். இவ்வளவுக்கே உடைகிற குடும்பத்தை அத்தனை நாளும் ஒரு பெண்ணின் முதுகுதான் தாங்கி நின்றிருக்கிறது.

மூச்சுப் பயிற்சியும் 'உங்களை நேசியுங்கள்' என்ற அறிவுரையும் கொடுத்துவிட்டுப் போகிற பயிற்சிப் பட்டறைக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வரம்பை அவள் தனியாகக் கட்டமுடியாது. அவள் 'ஏலாது' என்றதும் வாய்க்காரி என்று பட்டம் கட்டும் மாமியும், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமலிருக்கும் கணவனும் இருக்கும்வரை அந்தச் சொல் அவளுக்கு இன்னுமொரு சுமைதான். நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்திருக்கிறார்கள். தாடியின் அளவில் சுன்னத்தைத் தேடும் நாம் குசினியில் அதைத் தேடுவதில்லை.

கடைசியாக, இது நமது இலக்கிய வட்டத்துக்கும் உரியது. ஒரு பெண்ணின் பெயர் நமது சஞ்சிகைகளில் இரண்டு, மூன்று இதழ்களில் வரும். கலியாணம் முடிந்தபின் பலரின் பெயர் காணாமல் போய்விடும். 'எழுதுவதை விட்டுவிட்டார்' என்று இலேசாகச் சொல்லிக் கடந்துபோகிறோம். எழுதுவதற்கு இரண்டு மணித்தியாலமும் சாத்திய ஒரு கதவும் வேண்டும். அவை அவளிடம் இல்லாமற் போனது எப்படி என்று விசாரிப்பதில்லை.

பொறுமை பெரிய குணம்தான். அதை ஒரு பாலாருக்கு மட்டும் கடமையாக்கியதில் மார்க்கமும் இல்லை, இலக்கியமும் இல்லை. அடுத்த உம்மா கதையை எழுத உட்காரும் நண்பர், தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைப்பவளிடம், அவளுக்கும் எழுத ஏதாவது இருந்ததா என்று முதலில் கேட்கட்டும்.