அடிமைக் கப்பல் நம் துறையிலும் நின்றது

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரனார் பிறந்த இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு மாலையில், தேநீர்க்கடை வாசலில் அமர்ந்து நண்பர்களோடு 'ஏழு தலைமுறைகள்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அலெக்ஸ் ஹேலி எழுதி 1976இல் வெளிவந்த அந்த நூலை ஏ.ஜி.எத்திராஜுலுவின் தமிழில் படித்தவர்களில், குண்டா கிண்டேயின் பாதத்தை வெட்டிய கோடரியை மறந்தவர் எவரும் இருக்க மாட்டார்கள். பேச்சு முடியும் தறுவாயில் நண்பர் ஒருவர் சொன்னார்: "என்ன இருந்தாலும், மனிதனை மனிதன் விலைக்கு விற்கும் கொடுமை நம் மண்ணில் இருந்ததில்லை." எல்லோரும் தலையசைத்தோம். நாமும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறோம்.

நண்பர் சொன்னது உண்மையன்று. அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்றும் நாம் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் நமக்கு ஆதாயம் உண்டு; அதனால்தான் இப்பொய் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. நாம் அன்று அமர்ந்திருந்த இடத்துக்குத் தென்கிழக்கே, தூத்துக்குடித் துறையை உள்ளிட்ட இதே கடற்கரையிலிருந்துதான் மனிதர்கள் சரக்காகக் கப்பலேற்றப்பட்டனர். முத்துக்குளித்துறை என்று நாம் பெருமையோடு சொல்லும் கரைக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றியது. முத்து, சங்கு, துணி ஆகியவற்றோடு ஆட்களையும் அது வாங்கியது. பீஜப்பூர்ப் படைகளின் சூறையாடலாலும் பஞ்சத்தாலும் தஞ்சை நாடு சிதைந்த 1659-61 ஆண்டுகளில், சோழமண்டலக் கரையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக ஏற்றுமதியாயினர். பெரும்பாலோர் இலங்கைக்கும், எஞ்சியோர் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். நீண்ட வறட்சியோடு மதுரை நாயக்கருக்கும் மராட்டியருக்கும் தஞ்சையை முன்னிட்டு நடந்த போரும் சேர்ந்துகொண்ட 1673-77 காலத்தில், மதுரை நாட்டுக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அனுப்பப்பட்டனர். அக்கரையில் கம்பெனியின் தலைமைப் பண்டகசாலை இருந்த ஊர் தூத்துக்குடி. 1694-96இல் மீண்டும் போர் மூண்டபோது, சோழமண்டலத்திலிருந்து இலங்கைக்குத் தனியார் கொண்டுபோன அடிமைகளின் தொகை 3,859. கம்பெனியின் கணக்கர்கள் ஒற்றைப்படை இலக்கம் வரை எழுதிவைத்த எண்கள் இவை. மார்க்கஸ் விங்க் போன்ற வரலாற்றாய்வாளர்கள் அந்த ஏடுகளிலிருந்து திரட்டி வெளியிட்டவை. எண்ணிக்கையைக் காத்த ஏடுகள் பெயர்களைக் காக்கவில்லை.

கொழும்பில் ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்று அழைத்த பகுதி ஒன்றுண்டு. டச்சுக்காரர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடம் அது. தமிழில் அதன் பெயர் கொம்பனித்தெரு. அடிமைப்படுத்தியவனின் பெயரை நம் மொழி வைத்துக்கொண்டது. அடிமைப்பட்டவனின் அடையாளத்தை விட்டுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு 1652 முதல் 1808 வரை கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய 63,000 அடிமைகளில் கால்வாசிப் பேர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்று கணக்கிட்டுள்ளனர். அவர்களது இயற்பெயர்கள் நீக்கப்பட்டு, 'வங்காளத்தான்', 'மலபாரான்', 'சோழமண்டலக் கரையான்' என்று பொருள்படும் ஒட்டுகள் பெயராயின.

இதே காலத்து அமெரிக்காவைப் பார்ப்போம். 1619 ஆகஸ்டில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட அங்கோலியர் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்டனர். அடிமைமுறை அன்றே முழு உருவம் பெற்றுவிடவில்லை. சட்டத்தின் வழியே படிப்படியாகக் கட்டப்பட்டது. 1640இல் தப்பியோடிப் பிடிபட்ட மூன்று பணியாட்களில் வெள்ளையர் இருவருக்கும் சில ஆண்டுகள் கூடுதல் ஊழியமும், கறுப்பரான ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுவதும் ஊழியமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1662இல், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் வந்தது. 1667இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைநிலை மாறாது என்று மற்றொன்று வந்தது. 1705இல் எல்லாம் ஒரே தொகுப்பாகின. 1671இல் ஆளுநர் வில்லியம் பெர்க்லி லண்டனுக்கு எழுதிய அறிக்கையின்படி, வர்ஜீனியாவின் 40,000 மக்களில் கறுப்பின அடிமைகள் 2,000 பேர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, மூன்றே ஆண்டுகளில், நம் கரையிலிருந்து அதைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாத மக்கள் கப்பலேறிவிட்டனர்.

எவர் துயரம் பெரிது என்று தராசு பிடிப்பது நம் நோக்கமன்று. அட்லாண்டிக் கடலில் ஏற்றப்பட்டோர் ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் பேர். அந்தக் கொடுமைக்கு ஈடு சொல்ல ஏதுமில்லை. புகையிலையும் நெல்லும் பருத்தியும் அங்கே அடிமைகளைத் தீராத தேவையாக்கின. இங்கே கடல்வழி விற்பனை பஞ்சத்தோடும் போரோடும் ஏறி இறங்கியது. ஆனால் 'நம் மண்ணில் இல்லை' என்ற சொல்லுக்கு இந்த வேறுபாடு இடம் கொடுக்காது.

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் எதிர்வாதம் எழும்: "அது வெள்ளையன் செய்தது." வெள்ளையன் செய்தான், ஐயமில்லை. 1687 செப்டம்பரில் மட்டும் சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் 665 அடிமைகளை அனுப்பினர். அப்போது ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல். 1718இல் அவர் அளித்த கொடைக்காகவே அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஆனால் 1688இல் தஞ்சையிலிருந்து ஆயிரக்கணக்கான சிறுமியரையும் சிறுவரையும் நாகப்பட்டினம் வழியாக அச்சேவுக்கும் ஜோகூருக்கும் ஏற்றியவர்கள் ஆசிய வணிகர்களே. பஞ்சம் வந்தபோது பிள்ளைகளை வாங்கித் துறைமுகத்துக்கு ஓட்டிவந்த தரகர்களும், பஞ்சத்திலும் வரி தண்டிய ஆட்சியாளர்களும் இந்த மண்ணினர். வாங்கியவன் கடல் கடந்து வந்தவன். அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் இங்கேயே இருந்தான்.

விற்பதற்கான மொழியும் இங்கே ஏற்கெனவே இருந்தது. சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை நினைத்துப் பாருங்கள். மணப்பந்தலில் முதியவர் ஒருவர் நுழைந்து, மணமகன் சுந்தரர் தமக்கு வழியடிமை என்கிறார். பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலையைச் சான்றாகக் காட்டுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவை கூடுகிறது. அந்தணர் இன்னொருவர்க்கு அடிமையாவதுண்டோ என்ற வியப்பு எழுகிறது. கையெழுத்து பாட்டனாருடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு மனிதன் ஓலை எழுதித் தன் வழித்தோன்றல்களையும் அடிமையாக்க முடியுமா என்று அவையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு அது ஊரறிந்த வழக்காக இருந்தது. வந்தவர் இறைவன் என்பது பக்தியின் அழகு. வர்ஜீனியா 1662இல் சட்டமாக எழுதியதன் சாரம், பல நூற்றாண்டுகள் முன்பே நம் காவியத்தில் ஐயத்துக்கு இடமற்ற நடைமுறையாக நிற்கிறது. அந்தக் காட்சியில் நாமும் கண்ணீர் மல்கியிருக்கிறோம், ஓலையைக் கவனித்ததில்லை. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆ.சிவசுப்பிரமணியன், 'தமிழகத்தில் அடிமை முறை' என்று தனி நூலே எழுதியிருக்கிறார். நம் இலக்கியக் கூட்டங்களில் அது எத்தனை முறை பேசப்பட்டது?

கப்பலேறாதவர்களின் கதை இன்னும் நீளமானது. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்டங்களிலிருந்து அறிக்கைகள் பெற்றது. பள்ளர், பறையர் என்று குறிக்கப்பட்ட உழவுத் தொழிலாளர்கள் நிலத்தோடு சேர்த்தும், சில இடங்களில் தனியாகவும் விற்கப்பட்டதும் அடகு வைக்கப்பட்டதும் அவ்வகைப் பதிவுகளில் உள்ளன. அங்கே தோலின் நிறம் செய்த வேலையை இங்கே பிறந்த சேரி செய்தது. ஆனால் "நம்முடையது மென்மையானது; பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே குடும்பம் போல் வாழ்ந்தார்கள்" என்பார் இன்றும் உண்டு. இதே வாதத்தைத்தான் அமெரிக்கத் தென்மாநிலத்தின் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஹியூ 1857இல் நூலாக எழுதினார்: வடக்கின் கூலிக்காரனைவிடத் தெற்கின் அடிமை நலமாக வாழ்கிறான் என்று. ஃபிட்ஸ்ஹியூவைப் படித்து நகைப்பவர்கள், நம் பழைய பண்ணைக் கதைகளின் ஏக்கத்தைப் படித்து நெகிழ்கிறார்கள். குடும்பத்தில் ஒருவன் கும்பாவிலும் மற்றவன் குழித்த மண்ணில் ஊற்றிய கூழையும் உண்டால், அதைக் குடும்பம் என்று சொல்லும் உரிமை இரண்டாமவனுக்கே உண்டு.

பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு வழங்கியது. கம்பெனி ஆண்ட இந்தியாவையும் இலங்கையையும் பெயர் சொல்லி விலக்கியது. ஜமைக்காவுக்குப் பொருந்திய நீதி தாமிரபரணிக்குப் பொருந்தவில்லை. இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. 1839இல் தோன்றிய பிரிட்டிஷ் இந்தியா சங்கத்தார், அமெரிக்க அடிமைப் பருத்தியை வீழ்த்த இந்தியாவில் சுதந்திர உழைப்பால் விளையும் பருத்தி போதும் என்று முழங்கினர். அந்தச் 'சுதந்திர' நாட்டில் அடிமைமுறை நிலவுவதை வில்லியம் ஆடம் 1840இல் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பின்னர் 1861-65இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு நின்றபோது, நம் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறை செழித்தது. அங்கே அடிமை விடுதலைக்காக மக்கள் மடிந்த ஆண்டுகள், இங்கே பஞ்சு வணிகர்க்கு வாழ்வளித்த ஆண்டுகள்.

இடையில் 1843இன் ஐந்தாம் சட்டம் வந்தது. அது அடிமையை விடுவித்தது என்று பாடநூல்கள் சொல்லும். உண்மையில், அடிமை மேல் உள்ள உரிமையை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்று மட்டுமே சொன்னது. அடிமையை வைத்திருப்பதும் வாங்குவதும் குற்றமாவதற்கு 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. நிலம் யாருக்கும் தரப்படவில்லை. அமெரிக்காவில் 1865இல் நாற்பது ஏக்கர் வாக்களித்துப் பறித்துக்கொண்டார்கள். இங்கே வாக்களிக்கக்கூட இல்லை. நிலமில்லாதவன் கடனாளியானான், கடன் பழைய ஓலையின் இடத்தைப் பிடித்தது. 1976இல்கூடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது என்றால், 1843இல் முடிந்தது என்ன?

ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே, மணியாச்சி-தூத்துக்குடி இரயில் பாதையில் தட்டப்பாறை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைக்கும் முகாம் ஒன்றை இலங்கை அரசாங்கம் அங்கே நடத்தியது. அவர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். அந்த வேறுபாட்டை நாம் அழிக்கப் போவதில்லை. ஆயினும் கங்காணி கொடுத்த முன்பணம் புறப்படும்போதே தலையில் ஏறியது. இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற, கடனோடு ஆட்களும் கைமாறினர். 1921இல்தான் அத்துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' மருதியைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது வ.உ.சி.யிடம் வருவோம். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடவிட்ட வழி தூத்துக்குடி-கொழும்பு. அது அன்று தோட்டத் தொழிலாளர் போகும் முதன்மையான வழிகளில் ஒன்று. கப்பல் யாருடையது என்ற கேள்வியை அவர் எழுப்பினார்; அதற்காகச் செக்கிழுத்தார். அவரே 1908இல் கோரல் மில் தொழிலாளரோடு நின்று, உழைப்பவன் யார் என்ற கேள்வியையும் எழுப்பினார். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று மாலை அணிவிக்கும் நாம் முதற்கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டோம். கப்பலின் அடித்தளத்தில் இருந்தவர் யார் என்று கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் தொடங்கியதைத் தொடர்வதே ஆகும்.

2024இல் யேல் பல்கலைக்கழகம், அடிமைமுறையில் தனக்கிருந்த பங்கை ஆராய்ந்து நூலாக வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. அந்த மன்னிப்பு போதுமா என்று அங்கே வாதிடுகிறார்கள். வாதிடுமளவுக்கு ஏதோ ஒன்று அங்கே நடந்திருக்கிறது. இங்கே தூத்துக்குடிக் கடற்கரையில் அந்த 1,839 பேருக்கு ஒரு கல் நட வேண்டும். தட்டப்பாறையில் முகாம் இருந்ததை ஒரு பலகையாவது சொல்ல வேண்டும். சென்னை ஆவணக் காப்பகத்தில் உறங்கும் டச்சு ஏடுகளைப் படிக்க, ஆண்டுக்கு நான்கு மாணவர்களாவது டச்சு மொழி கற்க வேண்டும். நெய்தலும் கரிசலும் பற்றி நாவல் எழுதுகிறவர்கள், முத்துச் சிலாபத்தின் இரைச்சலுக்கு அப்பால் கப்பலேறியவர்களின் அழுகையையும் கேட்க வேண்டும்.

குண்டா கிண்டேயின் வழித்தோன்றல் தன் மூதாதையைத் தேடிக் காம்பியா வரை போனார், போய் எழுதினார். கொம்பனித்தெருவில் இறக்கப்பட்டவரின் வழித்தோன்றல் தேடிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தால், எந்த ஊரைக் காட்டுவோம், எந்த ஏட்டைக் கொடுப்போம்? அன்று தேநீர்க்கடையில் நண்பருக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இதுதான். காலம் தாழ்த்திச் சொல்கிறோம்.