இரண்டாவது கேள்வி

சாதியைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். "உன் வீட்டில் தீண்டாமை உண்டா?" என்று சில ஆண்டுகளுக்கு முன் யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் 'இல்லை' என்றிருப்பேன். அது பொய் என்று எனக்கே தெரிந்திருக்காது.

2011-12இல் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு, நாடு முழுக்க 42,000க்கும் அதிகமான குடும்பங்களிடம் தீண்டாமை பற்றி விசாரித்தது. முதல் கேள்வி நேரடியானது: உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா? 'இல்லை' என்றவர்களிடம் இரண்டாவது கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரங்களைப் புழங்கினால், உங்களுக்குப் பிரச்சினையா? இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்ற குடும்பங்கள் சுமார் 27 விழுக்காடு. அதுவும் அவர்களே வாய்விட்டு ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டாவது கேள்வியை ஒரு கருத்தரங்குக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் கை நின்றது.

நான் பிற்படுத்தப்பட்ட சாதியில் பிறந்தவன். எங்கள் ஊரில் நிலம் எங்கள் சாதியிடம்தான் இருக்கிறது. முதுகலை படித்தபோது விடுதி அறைத்தோழனை ஒரு பொங்கலுக்கு ஊருக்கு அழைத்துப் போனேன். அவன் சேரியில் பிறந்தவன். அம்மா அவனிடம் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரில், அவனுக்குப் பேப்பர் கப்பில்.

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்கும் ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். அவன் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டேன் என்று வெகுநாள் நம்பினேன். எனக்குள் அது என் நல்ல குணத்துக்கான சான்றாகவே இருந்தது.

ஐந்து வருடம் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் அவன் கேட்டான்: "அன்னைக்கு நீயும் பேப்பர் கப்ல குடிச்சியே, அது யாருக்காகடா?"

பதில் இல்லை. இப்போது தெரிகிறது: அவனுக்காக என்றால் டம்ளரைக் கொண்டுவந்திருப்பேன். அம்மாவிடம் சண்டை போட வேண்டாம், நண்பனிடம் அசிங்கப்பட வேண்டாம், இரண்டையும் மிச்சப்படுத்தத்தான் அந்தக் கப். இரட்டைக் குவளையை நான் எதிர்க்கவில்லை, மறைக்க உதவியிருக்கிறேன்.

பார்ப்பனியத்தைப் பற்றி என்னால் மணிக்கணக்கில் பேச முடியும். அது தேவையான பேச்சுதான். ஆனால் படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நான் பாதிதான் படித்திருந்தேன். மேலே இருப்பவனைப் பார்த்துக் கோபப்படுவது எனக்குச் சுலபமாக வந்தது. என் காலுக்குக் கீழே யார் என்று குனிந்து பார்க்கவில்லை. 1936இல் லாகூரில் அவரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையைப் படித்துப் பார்த்ததும் பின்வாங்கியவர்கள் சனாதனிகள் அல்லர். சாதியை ஒழிப்பதற்கென்றே அமைப்பு நடத்திய ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார். அவர்களை ஏளனம் செய்து நான் வகுப்பெடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்களில் ஒருவனாகவே உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதுவதாலேயே நான் சுத்தமாகிவிடவில்லை. குற்றவுணர்ச்சியைப் பதிவாக்கி, கைதட்டல் வாங்கி, தலித் நண்பர்களிடம் ஆறுதலும் எதிர்பார்ப்பது இன்னொரு சுரண்டல். தன்னை அறிவதென்றால், எனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்ப்பதல்ல, நான் என்ன செய்தேன் என்று கணக்குப் பார்ப்பது. என் வீட்டுச் சமையலறை வரை யார் வந்திருக்கிறார்கள்? நான் யார் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்? வீட்டில் எனக்குப் பெண் பார்த்தபோது எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்? களப்பணியில் எனக்குக் கதை சொன்னவர்களுக்கு என் பட்டத்தால் என்ன கிடைத்தது?

அம்மாவிடம் பேசினேன். "ஊரு என்ன சொல்லும்?" என்றார், அழுதார். இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போது வீட்டில் பேப்பர் கப் வாங்குவதில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். நண்பன் அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை. அவன் வந்து எனக்கு நற்சான்று தர வேண்டிய அவசியம் இல்லை.

தோழர்களே, முதல் கேள்விக்கு நம்மில் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சமையலறையில் நின்று இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதலில் அம்மாவிடம் அல்ல, உங்களிடம்.