விமான நிலையம் முதல் வீடு வரை: புதுக்கோட்டையின் வண்டிக் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் பயணிகள் விமானம் வந்து இறங்கும் நிலையம் எதுவும் இல்லை. ஆனால், திருச்சி பன்னாட்டு விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் மாத்தூர். அங்கே நம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை நகரம் ஏறத்தாழ 45 முதல் 50 கிலோமீட்டர். பல பெருநகரங்களில் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகவே இந்தத் தூரம் ஆகிறது. இருந்தும், சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் செலவும் சிக்கலும் மிகுந்ததாக இருக்கிறது.

திருச்சியின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளையும், நெரிசல் நேரத்தில் சுமார் 3,500 பேரையும் கையாளும் திறனோடு, 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டப்பட்டது. அந்தப் பயணிகள் வெளியே வந்த பிறகு கீரனூருக்கும் ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் எப்படிப் போவார்கள் என்பதற்கு அதே அக்கறையோடு ஒரு திட்டம் தீட்டப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தப் பணத்தைக் கொண்டு நிரப்புகிறது.

வண்டியின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்?

விமானச் சீட்டைச் சலுகை பார்த்து மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிடும் குடும்பங்கள்கூட வண்டியை மட்டும் முந்தின நாள் இரவுதான் பேசுகின்றன. விடுமுறைக் காலத்தோடு முகூர்த்த நாளும் சேர்ந்துவிட்டால் மாவட்டத்தில் வேன் கிடைப்பதே அரிது. ஜனவரியில் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறந்த நாள்முதல் பொங்கல் முடியும்வரை இதே நிலைதான். அந்த நேரத்தில் சொன்னதுதான் வாடகை.

இன்னொன்று, நம் ஊர் வழக்கம். ஐந்து பேர் வருகிறார்கள் என்றால் அழைத்துவர ஏழு பேர் போகிறோம். பாட்டி, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று வண்டி போகும்போதே நிரம்பிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முகம் பார்க்கும் பிள்ளையை வாசலிலேயே கட்டியணைக்க வேண்டும் என்ற அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால், திரும்பும்போது பன்னிரண்டு பேரும், வந்தவர்களின் ஆளுக்கு 30 கிலோ பெட்டியும், ஒரே வண்டியில் ஏற வேண்டியிருக்கிறது. பெட்டிகள் கேரியரில் கயிறு கட்டி ஏறுகின்றன. குழந்தைகள் மடியில் உட்கார்கிறார்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பெட்டி என்பதை வைத்து வண்டி பிடிப்பவர்கள் குறைவு. எத்தனை பேர் அழைக்கப் போகிறோம் என்பதை வைத்துப் பிடிப்பவர்களே மிகுதி. ஒருவரோ இருவரோ மட்டும் போய், மற்றவர்கள் வீட்டு வாசலில் ஆரத்தியோடு காத்திருந்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு படி சிறிய வண்டியே போதும்.

பெட்டியைக் கணக்கில் சேர்க்காததும் பெரிய பிழை. இன்னோவாவில் ஏழு பேர் உட்காரலாம். ஆனால், மூன்றாவது வரிசையிலும் ஆள் உட்கார்ந்துவிட்டால் பின்னால் பெரிய பெட்டி வைக்க இடமே இல்லை. எனவே பெட்டிகளோடு வரும் குழுவுக்கு அது நான்கைந்து பேர் வண்டி மட்டுமே. ஐந்து பேரைத் தாண்டினாலே டெம்போ டிராவலரையும் இரண்டு கார்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

தலைக்கு எவ்வளவு?

ஒரு கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இடத்துக்கும் நாளுக்கும் ஏற்ப இவை மாறும். ஒன்பது பேர் புதுக்கோட்டைக்கு வருகிறார்கள். வண்டி போய்வர 100 கிலோமீட்டர். காருக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஓட்டுநர் பேட்டா 400 என்றால் ஒரு காருக்கு 1,800. இரண்டு காருக்கு 3,600. வேனுக்குக் கிலோமீட்டருக்கு 22 ரூபாய், பேட்டா 500 என்றால் 2,700. தலைக்கு 400 ரூபாய் ஆவது 300 ஆகக் குறைகிறது. சுங்கமும் வாகன நிறுத்தக் கட்டணமும் இரண்டு வண்டிக்குப் பதிலாக ஒன்றுக்கு மட்டுமே.

ஆனால், வேன்காரர் ‘ஒரு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர்’ என்று சொன்னால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஓடுவது 100 கிலோமீட்டர். காசு 250 கிலோமீட்டருக்கு. அதே வேன் 6,000 ரூபாய் ஆகிவிடுகிறது. எனவே, முதல் கேள்வியே ‘நாள் வாடகையா, டிராப் ரேட்டா?’ என்பதாக இருக்க வேண்டும். விமானம் தாமதமானால் வெயிட்டிங் எப்போதிலிருந்து, நள்ளிரவு தாண்டினால் இரண்டாவது நாள் கணக்கா, பார்க்கிங் யார் பொறுப்பு என்பதையும் பேசி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட வேண்டும். சுங்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போகவர இருமடங்கு கட்ட வேண்டியதில்லை, ஒன்றரை மடங்குதான். இருமடங்கு வசூலிக்கும் வண்டிக்காரரிடம் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்வது தவறே இல்லை.

நாள் வாடகையைத் தவிர்க்க முடியவில்லை என்றால், வாங்கிய கிலோமீட்டரைப் பயன்படுத்திவிடுவது புத்திசாலித்தனம். அதிகாலையில் இறங்கும் குழுவுக்கு இந்தச் சாலையே ஒரு சுற்றுலா. கீரனூரில் காலை உணவை முடித்துக்கொண்டு, வெயில் ஏறும்முன் நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம். அடுத்து சித்தன்னவாசலில் சமணர்களின் அறிவர் கோயில் ஓவியங்கள். இசைக் கல்வெட்டுக்குப் பெயர்பெற்ற குடுமியான்மலை. இதற்கெல்லாம் தனியாக ஒருநாள் வேன் பிடிக்கும் செலவு அப்படியே மிச்சம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் ஊருக்குள் நுழையும்முன்பே தங்கள் மண்ணின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்த்துவிடுவார்கள். முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் குழு இதை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

சென்னையில் இறங்கினால் விமானச் சீட்டு மலிவு என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கிருந்து காரில் வந்தால் மிச்சம் பிடித்த பணம் சாலையிலேயே கரைந்துவிடும். ரயிலில் வருவதாக இருந்தால் மட்டுமே அது பயன்தரும். சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் நிலையம் இருக்கிறது. மின்சார ரயிலில் தாம்பரம் போய், புதுக்கோட்டை வழியாகச் செல்லும் இரவு ரயிலைப் பிடிக்கலாம். பெட்டிகள் குறைவாகவும், படுக்கை முன்கூட்டியே உறுதியாகியும் இருக்க வேண்டும்.

மலிவான வண்டிக்கு மறைந்திருக்கும் விலை

‘நம்ம பையன் வண்டிதான், டீசல் போட்டுக் கொடுத்தால் போதும்’ என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. வெள்ளை எண்பலகை கொண்ட சொந்த வண்டி வாடகைக்கு ஓடும்போது வாடகை வண்டிக்கான வரி, பெர்மிட், தகுதிச் சான்று எதுவும் இல்லாததால் மலிவாகத்தான் இருக்கும். ஆனால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 66-வது பிரிவு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை மீறினால் 10,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதை விலக்கியே எழுதப்படுகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுத்து வழக்காடலாம். நீதிமன்றம் இழப்பீட்டைக் கொடுக்கச் சொன்னாலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்பப் பெற நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். உயிரிழந்தவரின் குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலையும். உதவி செய்ய வந்த அந்தப் பையனின் நிலமும் வீடும் போகும். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இரண்டு குடும்பங்களை இந்த நிலையில் நிறுத்துவது சிக்கனம் ஆகாது. மஞ்சள் எண்பலகையில் கறுப்பு எழுத்து, மின்வாகனமானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து: இந்த அடையாளத்தைப் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

ஓட்டுநரின் தூக்கமும் வாடகையின் ஒரு பகுதிதான். பகல் முழுவதும் கல்யாண டிரிப் ஓட்டியவரை இரவு இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்கு அனுப்பும் வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வழியில் எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். 2023 டிசம்பர் 30 அதிகாலை, திருமயம் சாலையில் நமணசமுத்திரத்தில் டீக்கடை அருகே நின்றிருந்த பக்தர்கள் மீது லாரி மோதி ஐந்து பேர் இறந்தது இந்த மாவட்டம் மறக்கக் கூடாத துயரம். இரவுச் சாலையில் தேநீருக்கு நிறுத்தினால்கூட, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும்.

பேருந்து ஏன் கைகொடுப்பதில்லை?

புறநகர் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்பது 2018-இல் முடிவான கட்டணம். அந்தக் கணக்கில் விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டைக்கு முப்பது ரூபாயை ஒட்டித்தான் ஆகும். ஒன்பது பேருக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வேன் கட்டணத்தோடு இதை ஒப்பிட்டால், இந்தக் கட்டுரையில் இதுவரை சொன்ன சிக்கன வழிகள் எல்லாம் சிறியவை.

ஆனால் பேருந்து நெடுஞ்சாலையில் போகிறது. புதிய முனையம் பழையதைவிட உள்ளே தள்ளி இருக்கிறது. பெட்டிகளோடும் குழந்தைகளோடும் சாலைவரை வந்து, கூட்டம் நிறைந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறுவது நடக்கிற காரியம் இல்லை. பன்னாட்டு விமானங்களில் கணிசமானவை இரவிலும் விடியலிலும் வந்து போகின்றன. அந்த நேரத்தில் பேருந்து குறைவு. தனியாகத் தோள்பையோடு வருபவருக்குப் பேருந்து போதும். குழுவுக்கு அது இல்லாததற்குச் சமம்.

கர்நாடகத்தில் இதற்கு விடை இருக்கிறது. பெங்களூரு விமான நிலைய வாசலிலிருந்தே, நகரத்துக்குள் போகாமல், நேராக மைசூருவுக்கு ‘ஃப்ளைபஸ்’ என்ற பேருந்தை அந்த மாநிலப் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது. பெட்டி வைக்க அடியில் அறை, முன்பதிவு, விமான நேரத்துக்கு ஏற்ற அட்டவணை எல்லாம் உண்டு. மைசூரு அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் அதிகம். நமக்கு அறந்தாங்கியும் காரைக்குடியும்கூட அதைவிட மிக அருகில்.

இங்கே நிர்வாகத் தடையும் பெரிதாக இல்லை. திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி மூன்று மண்டலங்களும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரே கும்பகோணம் கோட்டத்தில் வருகின்றன. முதல் கட்டமாக இரண்டு வழித்தடம் போதும்: முனைய வாசலிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி, புதுக்கோட்டையிலிருந்து பிரிந்து அறந்தாங்கி. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா விமானங்களின் நேரத்தை ஒட்டி, இரவிலும் ஓட வேண்டும். சாதாரணக் கட்டணத்தைப் போல ஐந்து மடங்கு வைத்தாலும் வேனைவிட மலிவு. கழகத்துக்கும் இழப்பு இல்லை. பன்னிரண்டு பேர் வரை முன்பதிவு செய்யும் குழுவுக்கு ஒரே சீட்டு, பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்ற இரண்டு விதிகள் சேர்ந்தால் போதும், குடும்பங்கள் தாமாக வந்து ஏறும்.

கூடவே, வருகைக் கூடத்தில் கீரனூர், புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதி, மணமேல்குடி என ஊர்வாரியாகக் கார், வேன் டிராப் கட்டணத்தை எழுதிய பலகை ஒன்றை மாவட்ட நிர்வாகங்களும் விமான நிலைய நிர்வாகமும் சேர்ந்து வைக்க வேண்டும். நேர்மையாக ஓட்டும் மஞ்சள் பலகை வண்டிக்காரர்களுக்கும் அது பாதுகாப்பு.

வெளிநாட்டில் உழைத்த பணத்தால் இந்த மாவட்டத்தின் எத்தனையோ ஊர்களில் வீடுகளும் கோயில்களும் எழுந்திருக்கின்றன. அந்த உழைப்பாளிகள் விடுமுறைக்கு வரும்போது, கடைசி ஐம்பது கிலோமீட்டரை நியாயமான கட்டணத்தில் பாதுகாப்பாகக் கடப்பது அவர்களின் உரிமை. குடும்பங்கள் எண்ணிக்கை பார்த்து, பெட்டி பார்த்து, பலகை பார்த்து வண்டி பிடிக்கட்டும். அரசு, வரும் விடுமுறைக் காலத்துக்குள் முனைய வாசலில் ஒரு பேருந்தை நிறுத்தட்டும்.