வண்டியை விட்டு இறங்குங்க சார்!

உங்க ஊர் உழவர் சந்தையில் காய்கறி வாங்கியிருக்கிறீர்களா? 'ஓ, வாரா வாரம்!' என்பவர்களில் பாதிப் பேரை நான் நம்பத் தயாராக இல்லை. நீங்கள் வாங்கியது சந்தையில் அல்ல, சந்தை வாசலில்! தார்ப்பாய் விரித்தும், தள்ளுவண்டி போட்டும், மினி லாரியின் பின்கதவைத் திறந்து வைத்தும் விற்கிறார்களே, அங்கே. வண்டியை ஆஃப்கூடப் பண்ணாமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, 'ரெண்டு கிலோ தக்காளி போடுப்பா' என்று வாங்கி, பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பறந்துவிட்டீர்கள். வீட்டில் கேட்டால், 'உழவர் சந்தைத் தக்காளியாக்கும்' என்று பெருமை வேறு.

அதில் பெரும்பாலும் உழவர் கிடையாது சார். மண்டியில் எடுத்து வந்த சரக்கு அது.

பஞ்சாபில் 1987-ல் 'அப்னி மண்டி' என்று ஆரம்பித்தார்கள். ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே வருஷம் நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், விவசாயிக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. 2001-ல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் தூங்கிப் போயின. 2006-ல் மறுபடி ஆட்சி மாறியதும் எழுப்பினார்கள். கத்தரிக்காய்க்கும் கட்சி உண்டு நம் நாட்டில்! அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

நமக்கு இப்போது கணக்கு. பி.காம். படித்தவன் கையில் பேனா கிடைத்தால் வேறென்ன செய்வான்?

உழவர் சந்தையில் விலையை விவசாயி வைப்பதில்லை. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறை விலைக்குக் கொஞ்சம் கீழே என்று தினமும் காலையில் நிர்ணயித்து போர்டில் எழுதுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, மண்டியில் தக்காளி கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் 24. ஒரு விவசாயி 40 கிலோ கொண்டு வருகிறார். மண்டியில் போட்டிருந்தால் கமிஷன் 2 ரூபாய், கூலி 1 ரூபாய் போக கிலோவுக்கு 17. மொத்தம் 680 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் கஞ்சி குடித்திருப்பார்.

சந்தையில் முழுசும் விற்றால் 960. கூடுதலாக 280 ரூபாய். அதற்காக விடிகாலை 3 மணிக்கு எழுந்து, மூட்டை கட்டி, பஸ் பிடித்து, 10 மணி வரை உட்கார வேண்டும். களையெடுக்கப் போனால்கூட இதைவிடக் கூடக் கிடைக்கும்!

சரி, முழுசும் விற்காவிட்டால்? நீங்கதான் வாசலோடு திரும்பிவிட்டீர்களே! 20 கிலோ மிச்சம். தக்காளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கிலோ 10 ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறார். விற்றது 480, தள்ளியது 200. கூட்டுங்க. அதே 680! ஒரு காலைப் பொழுது உழைப்புக்குக் கூலி, சைபர். அந்த மிச்சத்தை யார் வாங்குவார் என்கிறீர்கள்? வாசலில் கடை போட்டிருப்பவராகவும் இருக்கலாம்! சாயங்காலம் அது 30 ரூபாய்க்கு உங்க தெருவுக்கே வரும்.

'வாசல் வியாபாரியும் ஏழைதானே சார்' என்பீர்கள். ஆமாம், ஏழைதான். அவரை லத்தியால் விரட்டச் சொல்லவில்லை. தெரு வியாபாரிகளுக்காகவே 2014-ல் மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. நகர விற்பனைக் குழு அமைத்து, விற்பனைக்கான இடங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அப்படி இரண்டு தெரு தள்ளி ஓர் இடம் கொடுத்தால் இரண்டு பேரும் பிழைத்துப் போவார்கள். விவசாயிகள் மனு கொடுப்பதும், ஆக்கிரமிப்பு அகற்றுவதும், மூன்றாம் நாள் அதே தார்ப்பாய் அதே இடத்தில் விரிவதும் எத்தனை ஊரில் நடக்கிறது! உள்ளே உட்கார வாடகை வேண்டாம் என்ற அரசாங்கம், வாசலை அடைத்துக்கொள்ளவும் வாடகை வாங்காமல் விட்டிருக்கிறது. (அங்கே வேறு யாராவது வாங்குகிறார்களா என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.)

மனு நகர்கிறபோது நகரட்டும். வருகிற ஞாயிறு வண்டியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போங்க. முதல் நாலு கடையோடு நிற்காமல் கடைசி வரிசை வரைக்கும் நடங்க, அங்கேதான் கூடை நிறைய மிச்சம் இருக்கும். போர்டில் 24 என்றால் 24 கொடுங்க. '20-க்குத் தர்றியா?' என்று ஆரம்பிக்காதீங்க. அந்த 4 ரூபாய்க்காகத்தான் அந்தம்மா 3 மணிக்கு எழுந்து வந்திருக்காங்க.