விற்கவிருக்கும் வீட்டின் முற்றம்

கோண்டாவிலிலுள்ள தமது வீட்டை விற்றுவிட்டு மகளோடு கொழும்பில் வாழத் தீர்மானித்திருக்கும் என் தமக்கையார், சென்ற மாதம் என்னை அழைத்துக் கனடாவிலிருந்து மருமகன் எழுதியனுப்பிய செய்தியைக் காட்டினார். முன்புறத்தில் உயர்ந்த மதில், பெரிய இரும்புக் கேற், முற்றம் முழுவதும் இன்ரலொக் கல்; இவற்றைச் செய்வித்தால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்பது அதன் சாரம். “வாசலைப் பார்த்துத்தானே தம்பி விலை பேசுவினம்” என்று தமக்கையாரும் இசைந்தே பேசினார். அத்தான் காலஞ்சென்றபின் அவருக்கென எஞ்சியிருப்பது அவ்வீடு ஒன்றே. ஆதலின் விரைந்து விடை கூற எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரியிற் கணக்கியல் கற்பிப்பவன் நான். எதையும் வரவு செலவாகவே பார்ப்பது தொழிலால் வந்த குறை. மதிலின் அழகு கட்டியவரின் விருப்பம். வாங்குபவர் அதற்கு முழு விலை தரக் கடமைப்பட்டவரல்லர். நம்மூரில் வீடு பார்க்க வருபவர் வாசலை நோக்குவது மெய்யே. ஆனால் அடுத்து அவர் கால் செல்வது கிணற்றடிக்கு.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அதுவே நமது குடிநீர். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெருங்கவலையாகியதிலிருந்து, வாங்குவோர் நீரை முகர்ந்து பார்க்கவும் பழகிவிட்டனர். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியும் நமது கிணறுகள் பலவற்றில் அதனை மீறச் செய்துள்ளன. தமக்கையாரின் கிணற்றுக்கட்டோ வெடித்திருந்தது. குளித்த நீர் உடைந்த சீமெந்துத் தளத்தின் வழியே மீண்டும் கிணற்றுள் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டையும் தளத்தையும் திருத்தி, கழிவுநீரை வாழையடிக்குத் திருப்பி, நீரைப் பரிசோதிப்பித்துச் சான்று பெற்று வைத்தால், செலவு அந்தக் கேற்றின் விலையில் ஒரு சிறு பங்கே. முற்றம் முழுவதும் கல் பாவினால் மழைநீர் மண்ணில் இறங்காது ஒழுங்கைக்கு ஓடும்; வெயிலிற் கல் தகிக்கும். படலையிலிருந்து விறாந்தை வரை ஒரு நடைபாதை போதும்.

மதில் விடயத்திற்றான் நான் கடுமையாகப் பேசவேண்டியதாயிற்று. மேற்கு வேலியின் கதியால்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புறம் அரக்கி வந்துள்ளன என்பது குடும்பத்தில் யாவரும் அறிந்தது, எவரும் வாய்விட்டுக் கூறாதது. உறுதியில் உள்ளது 3 பரப்பு. நிலத்தில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அளவாமற் கட்டும் மதில் வழக்குக்கு இட்ட அத்திவாரமாகும். வாங்குபவரின் நொத்தாரிசு முதலிற் கேட்பதும் அளவைப் படத்தையே.

பலாமரம் குப்பை கொட்டுகின்றது, தறித்துவிடலாம் என்றும் மருமகன் எழுதியிருந்தான். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி பெறவேண்டும் என்னும் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. பனிநாட்டில் இருப்பவனுக்குச் சித்திரை வெயிலில் அம்மரநிழலின் பெறுமதி மறந்து போயிற்றுப் போலும்.

கிணற்று வேலை முடிந்துவிட்டது. கேற் வேண்டும் என்பதில் மட்டும் தமக்கையார் விட்டுக்கொடுக்கவில்லை. சிறியதாக ஒன்று போடுவதென இணங்கினோம். நில அளவையாளர் வருகின்ற புதன்கிழமை வருகிறார். அன்று வேலியடியில் வந்து நிற்குமாறு மேற்குப்புறத்து அயலவரைத் தமக்கையார் கேட்டிருக்கிறார். அவரிடமிருந்து இன்னும் மறுமொழி இல்லை.