சூதாட்டக் கூடத்தின் கணக்கு

சம்பளப் பணத்தோடு மலையேறி, வெறுங்கையோடு இறங்கி வரும் தொழிலாளர்களை நாம் அறிவோம். "அதிர்ஷ்டம் இல்லை" என்கிறார்கள். அதிர்ஷ்டமல்ல, கணக்கே காரணம் என்கிறோம் நாம்.

1971-இல் கெந்திங் மலையில் திறக்கப்பட்ட சூதாட்டக் கூடமும், 2010-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட இரண்டும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. ரூலெட் சக்கரத்தையே பாருங்கள். ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள். எண்ணுக்கு ஒரு வெள்ளியாக 37 வெள்ளி வைத்தால், வென்ற எண்ணுக்கு 35 வெள்ளி பரிசு. அதில் வைத்த ஒரு வெள்ளியும் திரும்பும். ஆக 36. மீதி ஒரு வெள்ளி முதலாளிக்கு.

பால் நிறுக்கும் இடத்தில் 37 கிலோவுக்கு ஒரு கிலோ குறைத்து எழுதினால் நாம் விடுவோமா? அங்கே மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கிறோம்?

ஒரு சுற்றில் எவரும் வெல்லலாம். சுற்றுகள் கூடக் கூட அந்தக் கழிவு பையை அரித்துவிடும். ஆகவே, உட்கார்ந்தவனை எழவிடாமல் செய்வதே அவர்கள் தொழில். நோட்டை வாங்கிக்கொண்டு வில்லை கொடுக்கிறார்கள். நோட்டை வைக்க நடுங்கும் கை, வில்லையைத் தள்ளத் தயங்குவதில்லை. நேரம் காட்டும் சன்னலும் கடிகாரமும் அங்கே அரிது. இலவசம் என்று தரும் சாப்பாடு நாம் இழந்த பணத்தில் ஒரு துளி.

இயந்திரம் இன்னும் பொல்லாதது. "இத்தனை முறை விட்டோம், இனி வரும்" என்று காத்திருப்பது வீண். ஒவ்வொரு ஆட்டத்தையும் கணினி புதிதாகத் தீர்மானிக்கிறது. நாம் விட்டது அதன் நினைவில் இல்லை. இரண்டு படம் பொருந்தி மூன்றாவது நழுவினால் "கிட்ட வந்துவிட்டது" என்று மனம் துள்ளுகிறது. அதுவும் தோல்வியே.

சிங்கப்பூரில் 2019 முதல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். உரிமம் கொடுத்த அரசே தன் மக்களுக்கு வேலி போடுகிறது! வெளிநாட்டவருக்கு அந்த வேலி இல்லை. ஜோகூரிலிருந்து அங்கே பிழைக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது.

தோழர்களே! நமக்கு வேண்டிய வேலியை நாமே போடுவோம். சம்பள நாளன்று கடைக் கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கூட்டுறவுச் சேமிப்பு ஆகியவற்றை முதலில் கட்டுங்கள். சூதில் சிக்கியவரை ஏளனம் செய்யாதீர்கள். விட்டதைப் பிடிக்க அவர் வட்டிக்காரனிடம் போகுமுன் கிளைச் செயலாளரிடம் அழைத்து வாருங்கள். போராடிப் பெற்ற கூலி வீடு போய்ச் சேர்ந்தால்தான் அது கூலி உயர்வு.